வாவியே எங்கள் திடல்



மட்டக்களப்பைப் பற்றிப் பேச எழுந்தவன் பாடுமீனைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் இருந்தால் இந்தச் சபை பொறுக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இன்று மீன்களை வாவியோடு விட்டுவிடுகிறேன். நூற்றெழுபது வருடங்களுக்கு முன்பே எமர்சன் டெனன்ட் துரை இரவில் தோணி ஏறிப் போய்க் கேட்டு, புத்தகத்திலும் எழுதிவிட்டார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். மீனுக்குப் போதிய விளம்பரம் கிடைத்துவிட்டது. நான் பேச வந்தது கரையைப் பற்றி. அந்தக் கரையில் நிற்கும் கட்டடங்களைப் பற்றி. கட்டடங்களைவிட முக்கியமாக, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே கிடக்கும் வெளியைப் பற்றி.

புளியந்தீவைத்தான் சொல்கிறேன். சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியில், எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில் கிடக்கும் ஒரு சின்னத் தீவு. கோட்டைமுனைப் பாலத்தைக் கடந்து உள்ளே நடந்து பாருங்கள். வாவியோரத்தில் காந்திப் பூங்கா. பக்கத்தில், தனியே நிற்கும் பழைய மட்டக்களப்பு வாயில். கொஞ்சம் தள்ளி மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரி. புனித மரியாள் பேராலயம். அங்கிலிக்கன் சபையின் புனித அந்திரேயா ஆலயம். ஆனைப்பந்திப் பிள்ளையார். பிறகு, இரண்டு பக்கம் வாவியும் இரண்டு பக்கம் அகழியும் காவல் காக்க, நாலு கொத்தளங்களோடு கோட்டை. மத்தியான வெயிலில் குடை பிடித்து ஆறுதலாக நடந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் சுற்றி வந்துவிடலாம். நானூறு வருடச் சரித்திரம் இவ்வளவு நெருக்கமாகக் குந்தியிருக்கும் இடம் இந்த நாட்டில் எத்தனை இருக்கிறது?

எத்தனை பேர் இதை ஒரே இடமாகப் பார்த்திருக்கிறோம்? கோட்டை என்றால் அண்மைக்காலம் வரை கச்சேரி. மிக்கேல் என்றால் கூடைப்பந்து. மரியாள் கோயில் என்றால் நத்தார்ப் பூசை. காந்திப் பூங்கா என்றால் பின்னேரக் காற்று. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலையாகப் போகிறோம், வருகிறோம். எல்லாம் சேர்ந்து ஒன்று என்று நாங்கள் நினைத்ததில்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது அந்த ஒன்றைத்தான்.

அவையோரே, முதலில் உங்களைக் கொஞ்சம் தூரம் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நியூ ஹேவன் என்று ஒரு நகரம். யேல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். அந்த ஊரின் நடுவில் பதினாறு ஏக்கர் புல்வெளி, ஊர்த் திடல். பழைய காலத்தில் மாடு மேய்ந்த இடம், படை பயிற்சி செய்த இடம், செத்தவர்களைப் புதைத்த இடமும் அதுதான். அந்தத் திடலில் மூன்று தேவாலயங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. சுற்றிவர நீதிமன்றம், நூலகம், கல்லூரி. 1970ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பகுதி முழுவதும் ஒரே வரலாற்று வட்டாரமாகப் பாதுகாக்கப்படுகிறது. தனித்தனித் தேவாலயமாக அல்ல. திடலும் மரமும் தேவாலயங்களும் சேர்த்து ஒன்றாக.

இதைக் கேட்டதும் "வெள்ளைக்காரனின் ஊரைப் பார்த்து நாங்கள் என்ன செய்வது?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். ஆனால் இரண்டு ஆண்டுகளைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதலாவது, 1638. அந்த வருடம் ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து போன ஒரு கூட்டம் நியூ ஹேவனில் கரையிறங்கி, ஒன்பது சதுரமாக ஊர் பிரித்து, நடுச் சதுரத்தைத் திடலாக விட்டது. அதே வருடம் மே மாதம் 18ஆம் திகதி, ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் இந்தப் புளியந்தீவில் போர்த்துக்கேயரின் கோட்டையைக் குண்டு போட்டுப் பிடித்தார். இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதல் கோட்டை எங்களுடையதுதான்.

இரண்டாவது, 1814. அந்த வருடம்தான் நியூ ஹேவன் திடலில் நடுத் தேவாலயம் கட்டி முடிந்தது. மற்ற இரண்டும் அடுத்த ஓரிரு வருடங்களில் முடிந்தன. அதே 1814இல்தான் வில்லியம் ஓல்ட் என்ற இளம் போதகர் தனியாளாக மட்டக்களப்புக்கு வந்து இறங்கினார். அங்கே திடலில் கோபுரம் எழும்பிய காலத்தில் இங்கே வாவி ஓரத்தில் பள்ளிக்கூடம் எழும்பியது. இரண்டு வருடம் கழித்து, அதே யேலில் படித்த பெஞ்சமின் மெய்க்ஸ் யாழ்ப்பாணத்துக்கு வந்து வட்டுக்கோட்டையில் ஊழியம் தொடங்கினார். உலகம் அன்றைக்கே சின்னதுதான்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவர்களுடைய தேவாலயங்கள் புல்வெளியில் நிற்கின்றன. எங்களுடையவை தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. அவர்களுக்கு ஊர்ப்பொது என்பது தரை. எங்களுக்கு ஊர்ப்பொது வாவி. தோணி விட்டது அதில், வலை வீசியது அதில், ஊருக்கு வந்தவன் எல்லோரும் வந்தது அதன் வழியாக. பாலம் வரும் முன்னர் புளியந்தீவுக்குள் கால் வைப்பதென்றால் தண்ணீரைக் கடந்துதான் வரவேண்டும். வாவியே எங்கள் திடல். அந்தத் திடலைச் சுற்றி எழுந்ததுதான் இந்த ஊர்.

இனிக் கோட்டைக்கு வருவோம். 1602இலேயே யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவன் மட்டக்களப்பில் வந்திறங்கி, இங்கிருந்து கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டான். போர்த்துக்கேயர் விழித்துக்கொண்டார்கள். அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, 1628இல் இந்தத் தீவில் கோட்டை கட்டினான். பத்து வருடம்தான் தாங்கியது. 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிடித்து ஐந்தாம் நாள், மே 23ஆம் திகதி, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு இதே மட்டக்களப்பில் ஒப்பந்தம் எழுதினார்கள்.

அந்த ஒப்பந்தத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். போர்த்துக்கேயரிடமிருந்து பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தக் காவற்படை இருக்கலாமா என்பது அதில் ஒரு விடயம். மன்னன் விரும்பினால் இருக்கலாம் என்பது ஒரு பிரதி. மன்னன் விரும்பினால் என்ற நிபந்தனையே இல்லாமல் இருக்கிறது மற்றப் பிரதி. கோட்டைத் திறப்பு யார் இடுப்பில் தொங்குவது என்பதுதான் கேள்வி. ஒரு சின்ன நிபந்தனை ஒரு தாளில் இருந்தது, மறு தாளில் இல்லை. அந்த இடைவெளிக்குள் ஒல்லாந்தர் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் குடியிருந்துவிட்டார்கள். இன்று எங்களூர்க் கந்தோர்களில் ஒரு கடிதத்தை மூன்று பிரதி எடுத்து மூன்றிலும் ஒப்பம் கேட்டால் சலித்துக்கொள்கிறோம். இராஜசிங்கனுக்கு அந்தப் புத்தி வந்திருந்தால் இந்த நாட்டின் கதையே வேறு.

1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். கோட்டைக்குள் நிர்வாகம் குடியேறியது. கச்சேரி என்றால் கோட்டை, கோட்டை என்றால் கச்சேரி என்று ஆகிவிட்டது. பிறப்புப் பதிவு, காணிப் பிணக்கு, ஓய்வூதியம், வெள்ள நிவாரணம், எதற்கென்றாலும் எங்கள் அப்பனும் பாட்டனும் அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். வாசலில் ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரை. அதன் கீழே வரிசையில் நிற்கும் படுவான்கரை விவசாயி. பீரங்கி பக்கத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போவான். சரித்திரத்தின் மேல் அவ்வளவு சாதாரணமாகச் சாய்ந்து நின்ற சனம் நாங்கள்!

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். ஆசிரியனாக இருந்தவன், இந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசுவேன்.

1813ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில் தோமஸ் கோக் என்ற முதியவரின் தலைமையில் மெதடிஸ்த போதகர்கள் சிலர் இங்கிலாந்திலிருந்து கப்பல் ஏறினார்கள். நடுவழியில் ஓல்டின் மனைவி இறந்தார். கடலில்தான் அடக்கம். 1814 மே மாதம் தலைவர் கோக்கும் கப்பலிலேயே இறந்தார். அவருக்கும் கடல்தான். மிஞ்சியவர்கள் யூன் 29ஆம் திகதி காலியில் இறங்கினார்கள். யார் எங்கே போவது என்று பிரித்துக்கொண்டார்கள். இருவர் யாழ்ப்பாணத்துக்கு, ஒருவர் மாத்தறைக்கு, ஒருவர் காலியிலேயே. மட்டக்களப்பு ஓல்டின் பங்குக்கு வந்தது.

நினைத்துப் பாருங்கள். மனைவியைக் கடலில் விட்டுவிட்டு வந்த மனிதன். தெரியாத மொழி. ஒத்துக்கொள்ளாத காலநிலை. ஆள் துணை இல்லை. மட்டக்களப்பு வாயிலின் துறையில் வந்து இறங்கினார் என்பது எங்களூர் வழக்கு. தமிழ் படித்தார். கோட்டையில் இருந்த படையினருக்குப் பிரசங்கம் செய்தார். பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1815 ஏப்ரல் முதலாம் திகதி இறந்துபோனார். ஒரு வருடம்கூட இல்லை, அவையோரே, ஒரு வருடம்கூட இல்லை! அந்தக் கொஞ்ச மாதத்தில் அவர் போட்ட வித்துத்தான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1814 என்ற ஆண்டைத் தன் பெயர்ப்பலகையில் எழுதும் உரிமை இலங்கையில் வேறு எத்தனை பள்ளிக்கூடங்களுக்கு உண்டு? 1820இல் பெண்பிள்ளைகளுக்கு வின்சன்ட் பள்ளிக்கூடம் வந்தது. பெண் படித்தால் வீடு கெடும் என்று பெரிய ஊர்களே பேசிக்கொண்டிருந்த காலம் அது.

ஓல்ட் வந்து இறங்கிய அந்த வாயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அது பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் மதில் இல்லாமல், திறக்கவோ பூட்டவோ கதவும் இல்லாமல், வெறும் வாசலாகத் தண்ணீரைப் பார்த்து நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் இது என்ன, பாதியில் விட்ட கட்டடமா என்று கேட்கிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாசல் என்றால் அதற்கு ஒரு வழி வேண்டும். வாவியில் தோணித்துறை இருந்தது என்பதை மறந்துவிட்டால் அந்த வாயிலுக்கு அர்த்தமே கிடையாது. ஒரு கட்டடத்தின் அர்த்தம் அதற்கு வெளியே, அதற்கு முன்னால் கிடக்கும் வெளியில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையா?

கத்தோலிக்கருடைய கதை வேறு. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. குருமார் மாறுவேடத்தில் ஒளித்துத் திரிந்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் அந்தத் தடைகளை நீக்கினார்கள். பிறகுதான் வேதக்கோயில்கள் பகிரங்கமாக நிமிர்ந்தன. 1873இல் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். அதுதான் வளர்ந்து இன்றைய புனித மிக்கேல் கல்லூரி. இயேசு சபையைச் சேர்ந்த பொனெல் சுவாமி அதற்கு எழுப்பிய மாடிக் கட்டடம் வாவிக் காற்றை வாங்கிக்கொண்டு இன்றும் நிற்கிறது. பின்னர் அமெரிக்க இயேசு சபையார் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்தார்கள். 1948இல் வந்த ஹரி மில்லர் சுவாமி ஒரு வாழ்நாளையே இங்கே கழித்தார். ஈபேர்ட் சுவாமி எங்கள் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கினார். வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்ததும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர்தான்.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான உண்மையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மேடையிலும் "கோயில் மணியும் பாங்கொலியும் தேவாலய மணியும் ஒன்றாகக் கலக்கும் ஊர்" என்று பேசுகிறோம். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டடங்கள் அன்பினால் பக்கத்தில் பக்கத்தில் எழுந்தவையா? இல்லை. போட்டியினால் எழுந்தவை. மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் பிள்ளை பிடிப்பதில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்தார்கள். ஒருவர் மணிக்கூண்டு வைத்தால் மற்றவர் மாடி கட்டினார். ஒருவர் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தால் மற்றவர் கணிதத்தில் கெட்டிக்கார வாத்தியாரைக் கொண்டுவந்தார். சைவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கோபப்பட்டார்கள். கோபப்பட்டுக்கொண்டே பிள்ளைகளை அங்கேயே படிக்கவும் அனுப்பினார்கள்!

நியூ ஹேவனிலும் இதே கதைதான். திடலில் நிற்கும் மூன்றில் இரண்டு ஒரே சபைக்குள் பிரிந்த கோஷ்டிகள். மூன்றாவது, அந்தத் திடலில் இடம் கிடைக்காது என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட ஆங்கிலத் திருச்சபை. சண்டைதான் மூன்று கோபுரங்களையும் கட்டியது. சண்டை ஓய்ந்துவிட்டது, கோபுரங்கள் மிஞ்சின.

எங்கள் சண்டையில் மிஞ்சியது என்ன? ஒருவரைச் சொல்கிறேன். 1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம். கல்முனையில் மெதடிஸ்த பள்ளிக்கூடம். பிறகு இங்கே புனித மிக்கேல். 1908இல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சை தேறி, படித்த இடத்திலேயே ஆசிரியரானார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை. 1920இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டம். 1924இல் துறவு. அவர்தான் எங்கள் சுவாமி விபுலாநந்தர். மெதடிஸ்தர் எழுத்துச் சொல்லிக் கொடுத்து, கத்தோலிக்கர் விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்து, வீட்டில் தேவாரம் சொல்லிக் கொடுத்து வளர்ந்த பிள்ளை. வாவியின் மறுகரையில், கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அதுவும் ஒரு பதில்தான், இந்தக் கரைக்கு அந்தக் கரை சொன்ன பதில். பிற்காலத்தில் யாழ் நூல் எழுதிய அந்தக் கையில் மிக்கேல் கல்லூரியின் சோக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது என்பதை மறக்க வேண்டாம். 1947இல் மறைந்தார். சமாதி அந்தக் கரையில்தான்.

ஆகவே என் வழக்கு இதுதான், அவையோரே. இந்தக் கட்டடங்கள் ஒன்றோடு ஒன்று விவாதம் செய்கின்றன. ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்கின்றன. ஒன்றை இடித்துவிட்டால், மற்றது யாருக்குப் பதில் சொல்கிறது என்று புரியாமல் போய்விடும்.

அந்த விவாதத்தில் நாங்கள் அடிக்கடி மறந்துபோகும் ஒரு குரல் உண்டு. பறங்கியர். போர்த்துக்கேயர் போய் நானூறு வருடம் ஆகப் போகிறது. அவர்களுடைய மொழி மட்டக்களப்பில் இன்னும் வீடுகளுக்குள் பேசப்படுகிறது. வெளிநாடுகளிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து நிற்கும் அளவுக்கு அது அபூர்வம். தச்சு வேலை, கொல்லு வேலை, தையல் என்று இந்த ஊரின் கதவுக்கும் கதிரைக்கும் அவர்களுடைய கை பட்டிருக்கிறது. 1927இலிருந்து அவர்களுக்கென்று கத்தோலிக்க பறங்கியர் ஒன்றியம் இருக்கிறது.

அவர்களுடைய கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? கோயிலில் திருப்பலி முடிந்து மண்டபத்துக்கு வந்ததும் வயலின் தொடங்கும், றபான் சேரும். பெரியவர்கள் சோடி சோடியாக வரிசை பிடித்து நிற்பார்கள். கால் மாற்றி, கை மாற்றி, குனிந்து வணங்கி, சோடி மாறி மறுபடி சேரும் ஆட்டம். பட்டுச் சேலை கட்டிய பாட்டி, கோட்டுப் போட்ட தாத்தா. மெதுவாகத் தொடங்கி வேகம் கூடும். கபிரிஞ்ஞா ஆட்டம் வந்ததும் சின்னப் பிள்ளைகள்கூட உட்கார மாட்டார்கள். சுற்றி நிற்கும் தமிழ்ச் சனம் கைதட்டும். பெண் வீட்டார் தமிழில் சாப்பிடக் கூப்பிடுவார்கள். அதே மூச்சில் திரும்பி வீட்டுக்காரனை ஏசுவது மட்டும் போர்த்துக்கேயத்தில்! 2004 ஆழிப்பேரலை டச்பாரில் அவர்களுடைய குடும்பங்கள் பலவற்றை வாரிக்கொண்டு போனது. அவுஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் அதற்கு முன்பே போய்விட்டார்கள். வரலாற்று வட்டாரம் என்று பலகை நாட்டிவிட்டு, அந்த வரலாற்றைப் பேசும் வாய்கள் இல்லாமல் போனால் அந்தப் பலகை யாருக்கு?

அடுத்த பகுதியை வேகமாகக் கடக்கப் போகிறேன். இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1978 நவம்பர் 23, சூறாவளி. கோயில் என்றும் பள்ளிக்கூடம் என்றும் பாராமல் கூரைகளைப் பிய்த்தது. 1983 செப்டெம்பர் 23, சிறையுடைப்பு. 1990 ஓகஸ்ட் 15, வாழைச்சேனையிலிருந்து புறப்பட்ட ஈபேர்ட் சுவாமியும் கூட வந்த இளைஞனும் வீடு வந்து சேரவில்லை. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் ஆலயத்துக்குள்ளேயே, பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, மத்திய வீதியில் சீயோன் தேவாலயத்தில் குண்டு. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அதற்குமேல் சொல்ல என்னால் ஏலாது.

ஏன் இந்தத் திகதிகளைச் சொன்னேன்? பழைய கட்டடம் என்றால் ஒல்லாந்தன் கட்டியது மட்டும் என்று நினைக்கிறோம். இந்தத் திகதிகளும் இந்தச் சுவர்களில்தான் இருக்கின்றன. சுவரைப் புதிதாகப் பூசும்போது எதைப் பூசுகிறோம் என்று தெரிந்து பூச வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? மற்ற ஊர்க்காரர் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

கடலுக்கு அந்தப் பக்கம் தரங்கம்பாடி இருக்கிறது. 1620இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டை. முன்னால் பெரிய அணிவகுப்புத் திடல். திடலைத் தாண்டினால் ஒரு நேர்த் தெரு. அங்கே 1701இன் சீயோன் தேவாலயம், சீகன்பால்க் கட்டிய 1718இன் புதிய எருசலேம் தேவாலயம், பழைய வீடுகள். அங்கேயும் சுனாமி அடித்தது. அதற்குப் பிறகு அரசும் மரபுரிமை அமைப்புகளும் டென்மார்க்கிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து வீடு வீடாகத் திருத்தினார்கள். எனக்குப் பிடித்தது, அந்தத் திடலை அவர்கள் திடலாகவே விட்டது. அதில் ஒன்றும் கட்டவில்லை. அதனால்தான் கோட்டையிலிருந்து பார்த்தால் ஊர் தெரிகிறது, ஊரிலிருந்து பார்த்தால் கோட்டை தெரிகிறது.

இன்னொரு பாதை காலிக் கோட்டை. 1988இல் உலக மரபுரிமை என்ற பட்டம் கிடைத்தது. அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்த குடும்பங்கள் எத்தனையோ வீட்டை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வெளியேறிவிட்டன. வெளிநாட்டுக்காரர் வாங்கினார்கள், விடுதி வந்தது, கோப்பிக் கடை வந்தது. காலிக்கு அது சரியாக இருக்கலாம். புளியந்தீவுக்கு அந்தப் பாதை வேண்டாம் என்பது என் கட்சி.

இப்போது எங்கள் வீட்டு விடயம். திராய்மடுவில் புதிய கட்டடம் எழுந்து கச்சேரி அங்கே பெயர்ந்துவிட்டது. இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு கோட்டையிலிருந்து கோவைகளும் கதிரைகளும் வெளியே வந்திருக்கின்றன. அப்படியானால் 1638இல் கேட்ட அதே கேள்வி திரும்ப வருகிறது. திறப்பு யார் கையில்?

பலரும் பல யோசனை சொல்கிறார்கள். அரும்பொருட் காட்சியகம் என்கிறார்கள், நல்லது. ஐந்து நட்சத்திர விடுதி என்று ஒருவர் என்னிடமே சொன்னார், சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நான் கேட்பது மிகவும் எளிய ஒன்று. கோட்டையின் நடு முற்றத்தைத் திறந்துவிடுங்கள். பின்னேரத்தில் பொடியன்கள் வந்து குந்தட்டும். கிழவர்கள் கொத்தளத்தில் ஏறி வாவியைப் பார்க்கட்டும். வடமோடி, தென்மோடிக் கூத்து அங்கே ஆடட்டும். வட்டக்களரி போட அதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது? பறங்கியரின் வயலினும் அங்கே வரட்டும். மெதடிஸ்த பிள்ளையும் மிக்கேல் பிள்ளையும் வின்சன்ட் பிள்ளையும் சிவானந்தப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் ஒரே முற்றத்தில் படம் கீறட்டும். நானூறு வருடமாக ஆட்சிக்காரர் கையில் இருந்த முற்றம். ஒரு முறை சனத்துக்கு வரட்டும்.

அது ஒரு பாதி. மறு பாதி கரை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வளவைச் சுற்றி ஆளுயர மதில் எழுப்பிக்கொண்டே போனால், பின்னால் இருக்கும் வாவிக்கு யார் பொறுப்பு? கோட்டையைத் தொல்லியல் திணைக்களம் பார்க்கும், கோயிலை மேற்றிராசனம் பார்க்கும், பள்ளிக்கூடத்தைக் கல்வித் திணைக்களம் பார்க்கும், பூங்காவை மாநகர சபை பார்க்கும். எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. இவற்றுக்கு நடுவில் கிடப்பதற்குத்தான் ஆள் இல்லை. குப்பையும் அங்கேதான் போகிறது, மண் போட்டு நிரப்புவதும் அங்கேதான் நடக்கிறது. நியூ ஹேவன் திடலுக்கு இன்றைக்கும் ஐந்து பேர் கொண்ட ஒரு சிறு குழு உரிமையாளராகப் பொறுப்பில் இருக்கிறது. ஒருவர் போனால் ஒருவராக வந்துகொண்டிருக்கும் குழு. அது சனநாயகமா என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் திடலில் ஒரு கல் புரண்டால் யாரிடம் போய்க் கேட்பது என்று அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். புளியந்தீவின் கரையில் ஒரு வண்டி மண் கொட்டினால் நாங்கள் யாரிடம் போவது?

கோயில்காரரும் பள்ளிக்கூடத்தாரும் மாநகர சபையும் தொல்லியலும் மீன்பிடிக்காரரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். முக்கியமாக மீன்பிடிக்காரர். அவர்களைக் கூப்பிடாமல் வாவியைப் பற்றிக் கூட்டம் போடுவது எங்கள் பழைய பழக்கம். கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யாமல், பாலத்தடியிலிருந்து கோட்டைக் கொத்தளம் வரை கரையும் வெளியும் மரமும் சேர்த்து ஒரே வட்டாரமாக வரைபடம் கீற வேண்டும். அந்த வரைபடத்தைக் கீற எங்களிடம் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஓய்வுபெற்ற நில அளவையாளர்கள் இருக்கிறார்கள், விடுமுறையில் வேலை இல்லாமல் திரியும் மாணவர்கள் வேண்டிய மட்டும் இருக்கிறார்கள்.

வரைபடம் கீறப் பழைய படம் வேண்டும். 1978 சூறாவளிக்கு முந்திய கரை எப்படி இருந்தது, எந்த மரம் எங்கே நின்றது, தோணித்துறைப் படிகள் எத்தனை என்று காட்டும் புகைப்படங்கள் உங்கள் வீட்டுப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன. கலியாணப் படத்தின் பின்னணியில் வாவி இருக்கும். பள்ளிக்கூடக் குழுப்படத்தின் ஓரத்தில் இன்று இல்லாத ஒரு விறாந்தை இருக்கும். ஞானஸ்நானப் பதிவேடுகள், பழைய உறுதிகள், வாடகைச் சிட்டைகள், எல்லாம் கரையான் தின்னும் முன் நகல் எடுக்க வேண்டும். மூலத்தை யாரும் தர வேண்டாம். நகல் போதும். ஆனால் ஒன்றுக்கு இரண்டு நகல் எடுத்து, இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஒப்பம் வைப்போம். இராஜசிங்கனுக்கு நடந்தது எங்களுக்கு வேண்டாம்.

மண்டப வாசலில் தம்பிமார் இருவர் ஒரு கொப்பியோடு நிற்கிறார்கள். படம் இருப்பவர்கள் பெயரையும் எந்த ஆண்டுப் படம் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். தேநீர் ஆறுகிறது, கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம்.